ஊதாத சங்கு

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு நடையில் கிடக்கும் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யார் வந்தாலும் முதலில் அதில்தான் தடுக்குவார்கள். சமையலறை வாசலில் ஆரம்பித்து, நடை முழுக்க ஓடி, அவளுடைய அறைக்குள் கட்டில் கால்வரை போகிற ஒட்டுப்பலகை அது. கல்யாணமாகி வந்த புதிதில் அதில் இடித்து என் பெருவிரல் நகம் பெயர்ந்தது. அதன் அடியில் சேருகிற குப்பையை யார் கூட்டுவது? வேறு யார், நான்தான்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. என் வீட்டுக்காரர் அவளுடைய அண்ணன். சின்ன வயதில் அவர்கள் மரத்தரை போட்ட பழைய வீட்டில் இருந்தார்களாம். இவர் ஒரு மூலையில் நின்று காலால் இரண்டு தட்டுத் தட்டினால், மறுமூலையில் இருக்கிற தங்கையின் உள்ளங்காலுக்கு அது போய்ச் சேரும். அவள் திரும்பிப் பார்ப்பாள். அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான். பெற்றவர்கள் போன பிறகு இந்தச் சிமெண்டுத் தரை அடுக்குமாடிக்கு வந்தார்கள். இங்கே தட்டித் தட்டி இவர் குதிகால் வீங்கியதுதான் மிச்சம், அவளுக்கு ஒன்றும் எட்டவில்லை. அப்புறம்தான் பலகை வந்தது. கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, தலைக்கு மேலே என்ன யானையா வளர்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம், சோறு போடத்தான் சிரமமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஆக, இந்த வீட்டில் அண்ணன் கூப்பிடுவது தங்கைக்குப் பலகை போகிற தூரம் வரைதான் போகும். பலகைக்கு வெளியே போய்விட்டால் கைபேசியில் எழுத வேண்டும், இல்லையென்றால் எதிரே போய் நிற்க வேண்டும். எல்லோரும் அதற்குப் பழகிப் போயிருந்தோம்.

இதில் வேடிக்கை, என் வீட்டுக்காரருடைய பிழைப்பே சத்தம் போடுவதுதான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். நானும் அதே வண்டியில் பின்பக்கம் நோயாளியோடு உட்காரும் உதவியாளர். வீட்டிலும் அவர் முகம், வண்டியிலும் அவர் முகம். என் ஜாதகம் அப்படி. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவர் கை முதலில் போவது சைரன் பொத்தானுக்குத்தான், சாவிக்குப் போவது அப்புறம்தான். அதனால் கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்குச் 'சங்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நோயாளி வண்டி ஓட்டுகிறவருக்கு வைக்கிற பெயரா இது? நோயாளியின் சொந்தக்காரர் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்? அந்தப் பெயரையும் என் நாத்தனாரின் காதையும் முடிச்சுப் போட்டு ஒரு சொலவடை சொல்லிச் சிரிக்கவும் ஆள் உண்டு. என் முன்னால் அதை ஒருமுறை சொன்னவர் மறுமுறை சொன்னதில்லை.

நாத்தனார் வண்டி நன்றாக ஓட்டுவாள். மளிகைக் கடை ஒன்றின் சரக்கு வேனைத்தான் வெகுகாலம் ஓட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் ஒரு கண், சாலையில் ஒரு கண், எதிரே வருகிறவன் தோள் அசைவதை வைத்தே அவன் எந்தப் பக்கம் திருப்புவான் என்று சொல்லிவிடுவாள். ஆனால் மூட்டை தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிற்று. எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேனுக்கு ஆள் தேடினார்கள். அந்த வேலை வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக நின்றாள். மூட்டையை இறக்கினால் மூட்டை நம்மைப் பார்த்துச் சிரிக்குமா அண்ணி என்று கையால் கேட்டாள். மனிதர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

வண்டிப் பிரிவு மேலாளர் முடியாது என்றார். அவர் சொன்ன காரணம் இதுதான்: அந்த வேன் போகிற பாதைதான் ஆம்புலன்ஸ் வருகிற பாதையும். பின்னால் சைரன் கேட்டு வழிவிடத் தெரியாதவரை எப்படி ஓட்டச் சொல்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது நன்றாகக் கேட்கிறவர்கள் எத்தனை பேர் பாட்டைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு வழிவிடாமல் போகிறார்கள் என்று ஒரு நாள் எங்கள் வண்டியில் ஏறி வந்து பாருங்கள் என்றேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் கையிலிருந்த வண்டிச் சாவியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் உள்ளூர அதே பயம்தான் என்று எனக்குத் தெரியும். உலகத்துக்கே கேட்கும்படி ஊதுகிற மனிதருக்கு, அது போய்ச் சேராத ஒரே காது சொந்தத் தங்கையுடையது.

அந்தச் சமயத்தில்தான் பெட்டி வந்தது. நகரத்தில் புதுத் தலைமுறை நெட்வொர்க் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டிகள், பேருந்துகள், புதிதாக வாங்குகிற கார்கள் எல்லாவற்றுக்கும் அதில் பேசுகிற பெட்டி. மாட்டிவிட வந்த இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். முன்பெல்லாம் ஒரு வண்டி சொல்கிற செய்தி டவருக்குப் போய், அங்கிருந்து எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் காரியம் கெட்டுவிடும், இப்போது வண்டிக்கு வண்டி நேரடியாகப் பேசும், வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பதைத் தெருமுனை டவர் சொல்லிவிடும், நீங்கள் கண்ணை ஒருமுறை இமைப்பதற்குள் பலமுறை போய் வந்துவிடும் என்றாள். யாருக்குக் காது குத்துகிறாய் பெண்ணே என்று நினைத்துக்கொண்டேன். திரையைப் போட்டுக் காட்டினாள். கட்டடத்துக்குப் பின்னால், எங்கள் யார் கண்ணுக்கும் தெரியாத சாலையில், ஒரு புள்ளி நகர்ந்து வந்தது. பேருந்து என்றாள். நாங்கள் முனையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்குப் பேருந்து வந்து தலைகாட்டியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. சுவருக்கு அப்பால் பார்க்கிற கண்ணை அத்தனை சின்னப் பெட்டிக்குள் எப்படி வைத்தார்கள்?

வேனுக்கும் பெட்டி மாட்டினாள். ஆம்புலன்ஸ் வருகிறது என்பதை ஓட்டுநருக்கு விளக்காகக் காட்டலாம், குரலாகச் சொல்லலாம், இருக்கையை அதிர வைத்தும் சொல்லலாம், எது வேண்டும் என்று நாத்தனாரிடம் எழுதிக் கேட்டாள். நாத்தனார் இருக்கையைக் காட்டினாள். எப்படி அதிர வேண்டும்? இவள் யோசிக்கவே இல்லை. காலைத் தூக்கித் தரையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். அந்தப் பெண் அதே தட்டை, அதே இடைவெளியோடு இருக்கைக்குள் வைத்துக் கொடுத்தாள்.

மேலாளர் கொஞ்சம் இறங்கி வந்தார். பரீட்சை வைப்போம், தேறினால் வேலை என்றார். பழைய பேருந்து ஓட்டுநரான பயிற்சியாளர் வேனில் பக்கத்தில் உட்கார வேண்டும், பின்னால் நாங்கள் சைரனோடு வர வேண்டும், அவள் வழிவிட வேண்டும். பயிற்சியாளர் பெரிய மீசைக்காரர், நல்ல மனிதர்தான். வேன் கிளம்பியது. நாங்கள் ஊதிக்கொண்டு பின்னால் போனோம். இருக்கை சரியாக இரண்டு தட்டுத் தட்டியது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? திரும்பிப் பார்த்தாள்.

பின்னே? பிறந்ததிலிருந்து இரண்டு தட்டு என்றால் அவளுக்கு அண்ணன் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். கூப்பிட்டால் திரும்பாமல் என்ன செய்வாள்? கழுத்தை முழுசாகத் திருப்பிப் பின்னால் யார் என்று தேடினாள். வேன் ஆடிப்போய்ச் சாலை நடுக்கோட்டைத் தாண்டியது. பயிற்சியாளர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பி ஓரம் கட்டினார். சாலையிலிருந்து கண்ணை எடுத்தால் தேர்ச்சி கொடுக்க முடியாது, இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தருகிறேன், அதுவும் போனால் வேனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. இருக்கை தட்டுகிற விதத்தை மாற்றி வேறு மாதிரி வைத்துக்கொள்ளேன் என்று நான் சொன்னதற்கு முறைத்தாள். வேறு எந்தத் தட்டும் உள்ளே போய்த் தொடாது, இது ஒன்றுதான் தூக்கத்தில் இருந்தாலும் என்னை எழுப்பும் என்றாள்.

அப்புறம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். பலகையின் மேல் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்து, கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகக் கொடுத்தார் அண்ணன்காரர். சமையலறை முனையிலிருந்து தட்டுவார். அவள் திரும்பக் கூடாது, இடது பக்கம் ஒதுங்க வேண்டும். திரும்பினால் மறுபடி. பலகை தேய்ந்தது, என் பொறுமையும் தேய்ந்தது. கீழ்வீட்டுக்காரர் யானை குட்டி போட்டுவிட்டதா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். ஒருவழியாகத் திரும்புகிற பழக்கம் போயிற்று. அதோடு நின்றதா? சாப்பிட வா என்று நான் தட்டினால், தலையைத் திருப்பாமல் சுவரோரமாக இடது பக்கம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டு நிற்கிறாள்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் ராத்திரி வெகுநேரம் அவள் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிப் பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இந்த வேலை கை நழுவினால் மறுபடி மூட்டைதான்.

இரண்டாம் பரீட்சைக்கு ஒரு காலை நேரம் குறித்தார்கள். நோயாளி வேனில் அவளும் மீசைக்காரரும் கிளம்பிப் போய்விட்டார்கள். எங்கள் வண்டி பின்னால் கிளம்ப வேண்டியது. சாவியைப் போடும்போதே நிஜ அழைப்பு வந்துவிட்டது. நிறைமாதக் கர்ப்பிணி, ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்திருக்கிறது. பரீட்சையாவது ஒன்றாவது என்று வண்டியைத் திருப்பினோம். போச்சு, அவளுக்கு இன்றைக்கும் இல்லை என்று நினைத்தேன். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் வேறு நினைப்பு கூடாது.

அந்தப் பெண்ணை ஏற்றிப் படுக்க வைத்தேன். முகமெல்லாம் வீங்கிக் கண் சொருகிக் கிடந்தாள். அவள் புருஷன் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டிக்குள் இருக்கிற திரையில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார்கள். முன்பெல்லாம் இந்தத் திரையில் முகம் ஒரு பக்கம் உறைந்து நிற்கும், குரல் இன்னொரு பக்கம் விக்கும். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் அந்தப் பெண்ணின் கண்ணிமை துடிப்பதைக்கூடப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "சைரன் போடாதீங்க. சத்தம் கேட்டு இன்னொரு வலிப்பு வந்தா தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல. சீக்கிரமும் வரணும்."

என் வீட்டுக்காரர் கை பொத்தானுக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றது. எதிரே பெரிய சாலை, அலுவலக நேரம், எள் போட இடமில்லை. ஊதினாலே நகராதவர்கள் ஊதாமல் எப்படி நகர்வார்கள்? இந்த மாதிரி சமயங்களில் முன்பு நாங்கள் கூட்டத்தோடு கூட்டமாக ஊர்ந்துதான் போயிருக்கிறோம். ஒருமுறை அப்படி ஊர்ந்து போய்ச் சேர்ந்தும் பலனில்லாமல் போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

"பெட்டியைப் போடுங்க," என்றேன்.

"சத்தமே இல்லாம யாரு வழி விடுவா?"

"வேற வழி இருக்கா? போடுங்கன்னா போடுங்க."

சத்தமில்லாமல் செய்தி மட்டும் அனுப்புகிற பொத்தான் அந்தப் பெட்டியில் இருந்தது. அவர் அதை ஒருநாளும் தொட்டதில்லை. அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் இருந்த கார் அசையவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். நான் பின்னாலிருந்து பெட்டியின் திரையில் தெரிந்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு புள்ளி அசைந்தது. எங்களுக்கு முன்னால் இல்லை, சாலை வளைந்து கண்ணுக்கு மறைகிற இடத்துக்கும் அந்தப் பக்கம். அது மெதுவாக இடது ஓரத்துக்குப் போய் நின்றது. அதற்குப் பின்னால் வந்த பேருந்து ஒதுங்கியது. அப்புறம் ஒரு லாரி, ஒரு புதுக் கார். பெட்டி உள்ளவை ஒதுங்க, பெட்டி இல்லாதவை முன்னால் இருப்பவன் ஒதுங்குகிறானே என்று தாங்களும் ஒதுங்கின. அந்த ஒதுங்கல் வளைவைச் சுற்றி எங்களை நோக்கி வந்தது. கடைசியில் எங்கள் முன்னால் நின்ற காரும் இடது பக்கம் நகர்ந்தது. தெருமுனை விளக்கு தானாகப் பச்சைக்கு மாறியது.

எத்தனை வருஷமாக இந்தச் சாலையில் ஊதிக்கொண்டும் கத்திக்கொண்டும் போயிருக்கிறோம்! அன்று ஒரு ஹாரன் கிடையாது, ஒரு கூச்சல் கிடையாது. தலை வாரும்போது வகிடு எடுப்பதுபோல் அந்தப் பெரிய சாலை நடுவில் பிரிந்து கிடந்தது. டயர் தார் மேல் ஓடுகிற சத்தமும் அந்தப் பெண் மூச்சு விடுகிற சத்தமும் மட்டும்தான் எனக்குக் கேட்டன. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் இல்லை, ஆச்சரியத்தில். என் நாத்தனாருக்கு உலகம் எப்போதும் இப்படித்தான் இருக்குமோ என்று அப்போது தோன்றியது.

வளைவைத் திரும்பினோம். முதலில் ஒதுங்கிய அந்தப் புள்ளி எது என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஆஸ்பத்திரி வேன். பரீட்சைக்குக் குறித்த சாலை வேறு. ஆனால் இன்னும் பரீட்சைக்குப் போய்ச் சேராமல் இந்த நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஒரு கணம் பார்த்தேன். மீசைக்காரர் இருக்கையில் முழுசாகத் திரும்பி, வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்தார். என் நாத்தனார் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பக்கத்தில் நாங்கள் கடந்தும் அவள் தலை திரும்பவில்லை.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மீசைக்காரர் தேடிக்கொண்டு வந்தார். வேனில் நடந்ததை அவர்தான் சொன்னார். நெரிசலில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தவள் திடீரென்று ஓரம் கட்டி நின்றிருக்கிறாள். இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார், எங்கும் சைரன் இல்லை. பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார், வளைவில் ஒன்றும் தெரியவில்லை. எதுவுமே வரவில்லை, போ போ என்று கையைக் காட்டியிருக்கிறார். அவள் மாட்டேன் என்று தலையசைத்திருக்கிறாள். நகராவிட்டால் தேர்ச்சி தர மாட்டேன் என்று கைபேசியில் எழுதியே காட்டியிருக்கிறார். அதைப் படித்துவிட்டும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை அவள்.

"அந்த வேலைக்காகத் தவியாத் தவிக்கிற பொண்ணும்மா," என்றார் மீசைக்காரர். "போனாப் போகட்டும்னு நின்னுட்டா. அப்புறம் பார்த்தா பொட்டுச் சத்தம் இல்லாம நீங்க வந்துட்டிருக்கீங்க. இந்த மாதிரி ஓட்டுறவங்ககிட்ட என் குடும்பத்தையே ஏத்தி அனுப்புவேன்."

மேலாளரிடம் போய் அவரே சொன்னார். வேன் அவளுக்குக் கிடைத்தது. என் வீட்டுக்காரர் மட்டும் கழுவின வண்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் நான் அடுப்பில் இருந்தேன். அவள் தன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவர் அவள் எதிரே போய் நின்று, எப்படித் தெரிந்தது, பயமாக இல்லையா என்று கையால் கேட்டார். அவள் பலகையில் காலை வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். அது சமையலறை வாசலில் பலகை முனையில் வந்து நின்ற என் பாதத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு அவள் கைகள் நிதானமாகப் பேசின. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடையிலிருந்து பார்த்தேன்.

"இவ்வளவு தூரத்துலேருந்து நீ என்னைக் கூப்பிட்டதே இல்லண்ணா. இதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்க்காம இருக்கத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அவர் முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அவளுக்குக் கேட்காது, எனக்குக் கேட்டது. அவரை அப்படியே விட்டுவிட்டேன். அடுப்பை அணைத்தேன். பலகையின் இந்த முனையில் நின்று, சாப்பிட வரச் சொல்லி இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.